நீரின் கீழ் ஒரு படை, நீரின் மேல் ஒரு கை

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

என் தம்பி எதையாவது உடைத்துவிட்டு ஒன்றும் அறியாதவனைப் போல் நின்றால், “இவன் சரியான எம்டன்!” என்பார்கள் என் பாட்டி. நம்மில் பலர் வீடுகளில் இச்சொல் வழங்குகிறது. ஆனால் எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு, சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைப் பீரங்கியால் சுட்டுக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்த ஜெர்மானியப் போர்க்கப்பல் அது. அதன் நினைவாகச் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதிலில் ஒரு கல் பதிக்கப்பட்டிருக்கிறது.

இக்கட்டுரை எம்டனைப் பற்றியதன்று. அதே செப்டம்பர் 22-ஆம் நாள் காலையில், இங்கிருந்து பல ஆயிரம் மைல்களுக்கு அப்பால், ஐரோப்பாவின் வட கடலில் நடந்த ஒன்றில் இது தொடங்குகிறது. அதைப் படித்த நாளிலிருந்து ஒரு கேள்வி என் மனத்தை விட்டு அகலவில்லை. கப்பல் உடைந்து நீரில் தத்தளிப்பவரைத் தூக்கிவிடுவது கடலில் செல்வோரின் மிகப் பழமையான கடமை. நம் கடற்கரை ஊர்களில் ஒரு கட்டுமரம் கவிழ்ந்தது என்றால், அருகில் இருப்பவர்கள் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவார்கள். விழுந்தவன் யார், எந்த ஊர் என்று கேட்பதில்லை. நீர்மூழ்கிக் கப்பல் என்ற புதிய போர்க்கருவி வந்தபின் அந்தக் கடமை என்னவாயிற்று? இதுதான் அக்கேள்வி.

எம்டனின் தலைவர் கார்ல் ஃபான் முல்லர் பழைய வழியைச் சேர்ந்தவர். வங்கக் கடலில் பிரிட்டிஷ் வணிகக் கப்பல் ஒன்றைப் பிடித்தால், அதில் இருந்தவர்களை முதலில் தம் கப்பலுக்கோ தம் வசமிருந்த வேறொரு கப்பலுக்கோ மாற்றுவார். பிறகே காலியான கப்பலை மூழ்கடிப்பார். பிடிபட்டவர்களை ஒரு கப்பலில் ஏற்றிப் பத்திரமாக அனுப்பி வைப்பார். பகைநாட்டுப் பத்திரிகைகளே அவரைப் புகழ்ந்து எழுதின. சென்னையில் அவருடைய குண்டுகளால் சிலர் உயிரிழந்தனர் என்பதையும் நாம் மறக்கலாகாது. ஆயினும் அவரால் அப்படி இரக்கம் காட்ட முடிந்தது எதனால்? அவருடைய கப்பல் பெரியது. ஆட்கள் பல நூறு பேர். நீரின் மேல் எல்லோரும் காண நிற்பதில் அதற்கு உடனடி ஆபத்து ஏதுமில்லை.

நீர்மூழ்கியின் நிலை அதுவன்று. அது எவ்வாறு இயங்குகிறது என்பதைச் சிறிது பார்த்துவிட்டுக் கதைக்குப் போவோம்.

நீர்மூழ்கியின் உடலைச் சுற்றிப் பெரிய தொட்டிகள் உண்டு. அவற்றில் காற்று நிறைந்திருக்கும்போது கப்பல் மிதக்கும். அடைப்பைத் திறந்து கடல்நீரை உள்ளே விட்டால் எடை கூடி அமிழும். மீண்டும் மேலே வரவேண்டுமானால், உருளைகளில் அழுத்தி வைத்துள்ள காற்றை அத்தொட்டிகளுக்குள் செலுத்தி நீரை வெளியே தள்ள வேண்டும். பௌதிக வகுப்பில் நாம் படிக்கும் ஆர்க்கிமிடீஸ் தத்துவமேதான். பரீட்சைக்காக நெட்டுருப் போட்ட அந்தத் தத்துவத்தை நம்பி அத்தனை பேர் உயிரோடு கடலுக்கடியில் இருந்தார்கள் என்று அறிந்தபோது எனக்கு அதன்மேல் ஒரு மரியாதையே உண்டாயிற்று!

எஞ்சின் எரியக் காற்று வேண்டும். நீருக்கடியில் காற்று ஏது? ஆகவே உலகப் போர்க் காலத்து நீர்மூழ்கிகள் மேலே மிதக்கும்போது எண்ணெய் எஞ்சினாலும், அமிழ்ந்தபின் பேட்டரியின் மின்சாரத்தாலும் ஓடின. பேட்டரி தீர்ந்தால் மேலே வந்து எஞ்சினை ஓட்டி மீண்டும் மின்னேற்றம் செய்ய வேண்டும். உள்ளே இருப்போர் சுவாசிக்கும் காற்றும் கெட்டுப்போகும். அமிழ்ந்த நிலையில் வேகமும் மிகக் குறைவு. உண்மையில் அவை எப்போதும் நீருக்கடியில் வாழ்ந்த கப்பல்கள் அல்ல. தேவைப்படும்போது மட்டும் நீருக்கடியில் ஒளிந்துகொண்ட கப்பல்கள். பெரிஸ்கோப் என்னும் நீண்ட குழாயின் நுனி மட்டும் அலைகளுக்கு மேல் தலைகாட்டும். அதன் வழியே இலக்கைப் பார்த்து, டார்பிடோ என்னும் தானே நீந்திச் செல்லும் வெடிகுண்டை ஏவுவார்கள்.

இங்கேதான் சிக்கல் இருக்கிறது. ஒளிந்திருப்பது ஒன்றே நீர்மூழ்கியின் கவசம். மேலே வந்து நின்றால் அது மிகவும் பலவீனமான கப்பல். அதன் உடலில் ஒரே ஒரு குண்டு துளையிட்டாலும் பிறகு அமிழ முடியாது. உள்ளே இருப்பவர்களுக்கே படுக்கை போதாமல் முறை வைத்து உறங்குவார்கள். இந்த நிலையில் நீரில் தத்தளிக்கும் நூறு பேரை அது எப்படிக் காப்பாற்றும்? ஒருவருக்குக் கை கொடுக்க வேண்டுமானால், தன் ஒரே கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு அது வெளியே வரவேண்டும்.

இனி வட கடலுக்குச் செல்வோம். அபூக்கீர், ஹோக், கிரெஸ்ஸி என்பன மூன்று பழைய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள். ஹாலந்து நாட்டுக் கரைக்கு அப்பால் அவை காவல் சுற்றிக்கொண்டிருந்தன. புயல் அடித்ததால் துணைக்கு வரவேண்டிய சிறு நாசகாரிக் கப்பல்கள் திரும்பிப் போயிருந்தன. மூன்றும் நேர்கோட்டில், மெதுவாகச் சென்றன. நீர்மூழ்கியைப் பற்றி அன்று யாருக்கும் பெரிய அச்சமில்லை.

ஓட்டோ வெட்டிகென் என்பவர் யூ-9 என்ற ஜெர்மானிய நீர்மூழ்கியின் தலைவர். வயது 32. திருமணமாகிச் சில வாரங்களே ஆகியிருந்தன. அவருடைய கப்பலின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுவது, வெண்புகையைக் கக்கும். ஏறத்தாழ முப்பது பேர் கொண்ட அந்தச் சிறு கப்பலில் இருந்தவை ஆறே டார்பிடோக்கள். காலை ஆறரை மணி அளவில் முதல் டார்பிடோ அபூக்கீரைத் தாக்கியது. அதன் தலைவர் ஏதோ கண்ணிவெடியில் மோதிவிட்டோம் என்று எண்ணினார். மற்ற இரு கப்பல்களையும் அருகே வரும்படி சைகை காட்டினார்.

அவை வந்தன. ஹோக் நின்றது, படகுகளை இறக்கியது, நீந்திக்கொண்டிருந்தவர்களைத் தூக்கத் தொடங்கியது. வெட்டிகென் இரண்டு டார்பிடோக்களை ஹோக்கின் மேல் விட்டார். கிரெஸ்ஸியும் படகுகளை இறக்கி, இரு கப்பல்களின் ஆட்களையும் மீட்டுக்கொண்டிருந்தது. எஞ்சியிருந்த மூன்று டார்பிடோக்களும் கிரெஸ்ஸிக்குப் போயின. ஒன்றரை மணி நேரத்துக்குள் மூன்று கப்பல்களும் மூழ்கின. 1,459 பேர் மாண்டனர். பிழைத்தவர் 837 பேர். அவர்களில் பலரை மீட்டது ஹாலந்து நாட்டின் ஃப்ளோரா என்ற சிறு நீராவிக் கப்பல். அந்நாடு போரில் எப்பக்கமும் சேராதது. ஃப்ளோராவும் குண்டுபட்டு மூழ்கியிருக்கலாம், இருந்தும் வந்தது.

தோழியரே, இதில் ஒரு செய்தி என்னை மிகவும் பாதித்தது. அபூக்கீரில் கிட் வைக்கம்-மஸ்கிரேவ் என்றொரு பயிற்சி மாலுமி இருந்தான். வயது 15. அதாவது நம் வகுப்பில் பாதிப்பேரின் வயது. அபூக்கீர் கவிழ்ந்தபோது குதித்து ஹோக்கை நோக்கி நீந்தினான். அதில் ஏறும் தறுவாயில் ஹோக் தாக்கப்பட்டது. மறுபடியும் நீந்தி கிரெஸ்ஸியை அடைந்தான். மேலே தூக்கி, உடல் நடுங்கியவனுக்கு ஒரு கோப்பை கோக்கோ கொடுத்தார்கள். அப்போது கிரெஸ்ஸியும் தாக்கப்பட்டது. மூன்றாம் முறை கடலில் விழுந்தவன், ஒரு மரத்துண்டைப் பற்றிக்கொண்டு மிதந்து, கடைசியில் மீட்கப்பட்டான். ஒரே காலையில் மூன்று கப்பல்கள்! அவனோடு பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த சிறுவர்கள் பலர் திரும்பவில்லை.

வெட்டிகெனை ஜெர்மனி கொண்டாடியது. சீருடையில் அவர் படம் அஞ்சலட்டைகளில் விற்றது. துணிச்சல் என்றால் அது துணிச்சல்தான், மறுக்க முடியாது. ஆனால் ஹோக்கும் கிரெஸ்ஸியும் எதற்காக நின்றன என்று எண்ணிப் பார்க்கும்போது அந்த வெற்றியைப் பாராட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒளிந்திருந்தவருக்கு எதிரியின் இரக்கமே இலக்காகிவிட்டது. பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையகமும் இதிலிருந்து ஒரு பாடம் கற்றது. நீர்மூழ்கி உலவும் இடத்தில் பெரிய கப்பல்கள் நின்று யாரையும் மீட்கக்கூடாது என்று கட்டளை பிறந்தது. நல்லெண்ணம் கொண்டவர்களின் கையையும் இப்படிக் கட்டிப் போட்டது யூ-9. ஆறே மாதத்தில், 1915 மார்ச் 18-ஆம் நாள், வெட்டிகென் யூ-29 என்ற வேறொரு நீர்மூழ்கியில் சென்றபோது, டிரெட்நாட் என்ற மாபெரும் போர்க்கப்பல் நேரே மோதி அதை மூழ்கடித்தது. ஒருவரும் தப்பவில்லை.

அதன்பின் போர் மேலும் கொடியதாயிற்று. 1915 மே 7-ஆம் நாள் லூசிட்டேனியா என்ற பயணிக் கப்பல், முன்னறிவிப்பின்றி டார்பிடோவால் தாக்கப்பட்டு மூழ்கி, ஏறத்தாழ 1,200 பேர் இறந்தனர். போர் முடிந்தபின் நாடுகள் கூடிப் பேசி, 1936-இல் லண்டனில் ஒரு உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. வணிகக் கப்பலில் உள்ள மாலுமிகளையும் பயணிகளையும் பாதுகாப்பான இடத்தில் சேர்க்காமல், நீர்மூழ்கி அக்கப்பலை மூழ்கடிக்கக்கூடாது என்பது விதி. நடுக்கடலில் உயிர்காப்புப் படகில் ஏற்றிவிட்டால் மட்டும் அது பாதுகாப்பாகிவிடாது என்றும் அதில் எழுதப்பட்டது. ஜெர்மனியும் அதை ஏற்றது. காகிதத்தில் எல்லாம் அழகாகத்தான் இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கித் தலைவர்களின் துணிகரச் செயல்களுக்குக் கணக்கில்லை. குன்ட்டர் பிரீன் என்பவர் 1939 அக்டோபர் 14-ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின், பிரிட்டிஷ் கடற்படையின் கோட்டை போன்ற ஸ்காப்பா ஃப்ளோ துறைமுகத்துக்குள்ளேயே யூ-47-ஐச் செலுத்தி, நங்கூரமிட்டு நின்ற ராயல் ஓக் கப்பலை மூழ்கடித்துவிட்டுத் தப்பினார். அக்கப்பலில் இறந்த எண்ணூறுக்கும் மேற்பட்டோரில் நூறுக்கும் அதிகமானவர்கள் 18 வயது நிரம்பாதவர்கள். பிரீனும் 1941 மார்ச்சில் தம் கப்பலோடு மறைந்தார். ஜெர்மானிய நீர்மூழ்கிகளில் பணிபுரிந்த ஏறத்தாழ 40,000 பேரில் முப்பதாயிரத்தை ஒட்டிய தொகையினர் திரும்பவேயில்லை. நால்வரில் மூவர்! சாகசக் கதைகளைப் படிக்கும்போது இந்தக் கணக்கையும் அருகில் எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது நான் சொல்ல விரும்பிய முக்கியமான நிகழ்ச்சிக்கு வருகிறேன்.

1942 செப்டம்பர் 12-ஆம் நாள் இரவு. மேற்கு ஆப்பிரிக்காவுக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவில் லாக்கோனியா என்ற பிரிட்டிஷ் கப்பல் சென்றுகொண்டிருந்தது. முன்பு பயணிகளை ஏற்றிச் சென்ற ஆடம்பரக் கப்பல். போருக்காகப் பீரங்கிகள் பொருத்தப்பட்டுப் படைவீரர்களை ஏற்றிச் சென்றது. யூ-156-இன் தலைவர் வெர்னர் ஹார்ட்டென்ஸ்டைன் அதை டார்பிடோவால் தாக்கினார். பீரங்கி உள்ள கப்பல் என்பதால் போர் விதிப்படி இதில் குற்றம் காண முடியாது.

மூழ்கும் கப்பலை நெருங்கியபோது நீரிலிருந்து எழுந்த கூக்குரல் இத்தாலிய மொழியில் இருந்தது. லாக்கோனியாவில் இருந்த ஏறத்தாழ 2,700 பேரில் 1,800 பேர் வரை இத்தாலியப் போர்க்கைதிகள்! இத்தாலி ஜெர்மனியின் நட்பு நாடு. கப்பலின் அடித்தளத்தில் அடைக்கப்பட்டிருந்த அவர்களில் பலர் வெளியே வரவே முடியாமல் மாண்டனர். பிரிட்டிஷ் வீரர்களோடு பெண்களும் குழந்தைகளும்கூட அந்தக் கப்பலில் இருந்தார்கள்.

ஹார்ட்டென்ஸ்டைன் தூக்கத் தொடங்கினார். முதலில் இத்தாலியர்களை, பிறகு இன்னாரென்று பாராமல் எல்லோரையும். ஐம்பது பேர் அளவில் வாழும் கப்பலில் இருநூறு பேர் வரை ஏற்றப்பட்டனர். உள்ளேயும் மேல்தளத்திலும் நிற்க இடமில்லை. நான்கு உயிர்காப்புப் படகுகளைக் கயிற்றால் கட்டி இழுத்தார்; அவற்றில் இன்னும் இருநூறு பேர். பெண்களுக்குத் தங்கள் படுக்கைகளைக் கொடுத்து, சூடான உணவும் காப்பியும் தந்தார்கள் அந்த மாலுமிகள். மறைமொழியில் அல்லாமல் வெளிப்படையான ஆங்கிலத்தில், எல்லா நாட்டினரும் கேட்கும்படி, ஒரு வானொலிச் செய்தி அனுப்பினார். தாம் இருக்கும் இடத்தைக் கூறி, மீட்க வரும் எந்தக் கப்பலையும், தம்மைத் தாக்காதவரை, தாம் தாக்க மாட்டேன் என்று உறுதி சொன்னார். ஒளிந்திருப்பதே கவசம் என்று முன்பு எழுதினேன் அல்லவா? அந்தக் கவசத்தைக் கழற்றி வைத்துவிட்டு, நான் இங்கேதான் இருக்கிறேன் என்று உலகுக்கே அறிவித்தார்.

இதை என் தோழி ஒருத்தியிடம் சொன்னேன். “அவர்களைக் கடலில் தள்ளியதே அவர்தானே! பிறகு தூக்கிவிட்டால் நல்லவர் ஆகிவிடுவாரா?” என்று கேட்டாள். அவள் கேட்டது நியாயமே. ஹிட்லரின் கடற்படைக்காகப் போரிட்டவர் அவர் என்பதையும் நான் மறைக்க விரும்பவில்லை. ஞாயிறு மறைக்கல்வியில் நல்ல சமாரியர் உவமையை எத்தனையோ முறை கேட்டிருக்கிறோம். அதில் வழிப்போக்கனை அடித்துப் போட்ட கள்வர் வேறு. காயங்களுக்கு எண்ணெய் வார்த்துக் கட்டிய சமாரியர் வேறு. இங்கே இருவரும் ஒருவரே. அப்படிப்பட்ட ஒருவரை எந்தப் பக்கம் நிறுத்துவது? நான் பல நாள் யோசித்தேன். அடித்துவிட்டுப் போயிருக்கக்கூடியவர் திரும்பி வந்தார் என்பது மட்டும் எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. என் தோழி இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

ஜெர்மானிய நீர்மூழ்கிப் படையின் தலைவர் கார்ல் டோனிட்ஸ், மீட்பு வேலையைத் தொடர அனுமதித்து, யூ-506, யூ-507 என்ற இரு நீர்மூழ்கிகளையும் உதவிக்கு அனுப்பினார். கப்பெல்லீனி என்ற இத்தாலிய நீர்மூழ்கியும் வந்தது. ஆப்பிரிக்காவிலிருந்து பிரெஞ்சுக் கப்பல்களும் புறப்பட்டன. நான்கு நாட்கள் இப்படிக் கழிந்தன.

செப்டம்பர் 16-ஆம் நாள் முற்பகல், அசென்ஷன் தீவிலிருந்து ஓர் அமெரிக்க லிபரேட்டர் விமானம் வந்தது. ஹார்ட்டென்ஸ்டைன் பெரிய செஞ்சிலுவைக் கொடியை விரித்துக் காட்டச் செய்தார். கப்பலில் இருந்த ஒரு பிரிட்டிஷ் அதிகாரியே, இங்கே பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள் என்று விளக்கொளியால் சைகை அனுப்பினார். விமானி தம் தளத்தைக் கேட்டார். நீர்மூழ்கியை மூழ்கடிக்கும்படி உத்தரவு வந்தது. விமானம் திரும்பி வந்து குண்டுகளைப் போட்டது. ஒரு குண்டு உயிர்காப்புப் படகுகளின் நடுவே விழுந்தது. ஹார்ட்டென்ஸ்டைன் கயிறுகளை வெட்டினார். கப்பலில் இருந்த விருந்தாளிகளைக் கடலில் இறங்கச் சொன்னார். சேதமடைந்த கப்பலோடு நீருக்குள் அமிழ்ந்தார். வேறு வழியில்லை. மறுநாள் யூ-506-உம் விமானத்தால் தாக்கப்பட்டது. மீட்கப்பட்டவர் 142 பேர் உள்ளே இருக்கும்போதே அது அமிழ்ந்து தப்பியது.

உத்தரவிட்டவரை மட்டும் குறை கூறுவதும் எளிதன்று. எதிரியின் நீர்மூழ்கி அன்று நால்வரை மீட்டாலும், நாளை நானூறு பேரைக் கொல்லும் என்பது அவருடைய கணக்கு. அப்பாவிடம் இதைச் சொன்னபோது, “போர் என்றாலே அப்படித்தான் அம்மா” என்றார்கள். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் படகுகளில் இருந்தவர்களுக்கு அந்தக் கணக்கை யார் விளக்கிச் சொல்வது?

அவர்களில் ஒருவர் டோரிஸ் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயச் செவிலியர். பாலஸ்தீனத்தில் மிஷன் மருத்துவப் பணி செய்துவிட்டுத் தாய்நாடு திரும்பிக்கொண்டிருந்தார். அவர் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருந்த 14 மாதக் குழந்தை, கப்பல் மூழ்கிய இரவிலேயே அவர் கையிலிருந்து கடலுக்குப் போய்விட்டது. குண்டு வீச்சுக்குப்பின் அவர் இருந்த படகு தனித்துவிடப்பட்டது. ஆரம்பத்தில் 68 பேர். ஒரு நாளைக்குச் சில மடக்குத் தண்ணீர். நாவு வறண்டு பேச்சே வராது. அப்படகில் ஜெஃப்ரி பர்ஸ்லோ என்ற இளம் மருத்துவர் இருந்தார். அவருக்குக் கையில் புண் புரையோடி, விஷம் உடலில் ஏறிவிட்டது. தம்மால் மற்றவர்களுக்குத் தொற்றிவிடும், தம் பங்குத் தண்ணீரும் வீணாகும் என்று அவர் உணர்ந்தார். நண்பர்களுக்காக உயிரைக் கொடுப்பது பற்றி யோவான் நற்செய்தியில் ஆண்டவர் கூறியதைச் சொல்லிவிட்டு, எல்லோரிடமும் விடைபெற்றுக் கடலில் இறங்கினார். 27 நாட்களுக்குப்பின் படகு லைபீரியா நாட்டுக் கரையை அடைந்தபோது உயிரோடு இருந்தவர்கள் 16 பேர். டோரிஸ் ஹாக்கின்ஸ் அவர்களில் ஒருவர். பின்னர் இதையெல்லாம் ஒரு சிறு நூலாக எழுதினார். ஜெர்மானிய மாலுமிகள் தங்களை அன்போடும் மரியாதையோடும் நடத்தினார்கள் என்பதை அதில் ஒளிக்காமல் குறிப்பிட்டார். தான் கண்டதைக் கண்டபடி எழுதுவதற்கும் ஒரு துணிச்சல் வேண்டும். போர் நடக்கும் காலத்தில், எதிரியைப் பற்றி!

லாக்கோனியாவில் இருந்தவர்களில் பிழைத்தவர்கள் ஏறத்தாழ 1,100 பேர். பெரும்பாலோரைப் பிரெஞ்சுக் கப்பல்கள் ஏற்றிச் சென்றன.

செப்டம்பர் 17-ஆம் நாளே டோனிட்ஸ் தம் நீர்மூழ்கிகள் அனைத்துக்கும் புதிய கட்டளை பிறப்பித்தார். மூழ்கிய கப்பலின் ஆட்களை இனி மீட்கக்கூடாது. கவிழ்ந்த படகை நிமிர்த்திக் கொடுக்கக்கூடாது; உணவும் தண்ணீரும் தரக்கூடாது. 1914-இல் பிரிட்டனில் பிறந்த கட்டளைக்கும் இதற்கும் வேறுபாடு உண்டுதான். ஆனால் இரண்டும் பிறந்த விதம் ஒன்றே. ஒருவர் இரக்கப்பட்டார், அந்த இரக்கத்தின் நடுவே அடி விழுந்தது, அதன்பின் இரக்கத்துக்கே தடை. போர் முடிந்தபின் நியூரம்பெர்க் நீதிமன்றத்தில் டோனிட்ஸ் விசாரிக்கப்பட்டபோது, அமெரிக்கத் தளபதி நிமிட்ஸ் ஒரு எழுத்து வாக்குமூலம் அனுப்பினார். பசிபிக் பெருங்கடலில் ஜப்பானுக்கு எதிராக அமெரிக்க நீர்மூழ்கிகளும் முதல் நாளிலிருந்தே முன்னறிவிப்பின்றித் தாக்கின என்றும், தங்களுக்கு ஆபத்து நேரும் என்றால் மீட்பதில்லை என்றும் அவர் ஒப்புக்கொண்டார். டோனிட்ஸுக்கு 1946-இல் பத்தாண்டுச் சிறை விதித்த நீதிபதிகள், நீர்மூழ்கிப் போரின் விதிமீறல்களுக்காக அந்தத் தண்டனை அளிக்கப்படவில்லை என்று தீர்ப்பிலேயே எழுதினார்கள். இரு பக்கமும் ஒரே செயலைச் செய்திருந்தன. டோனிட்ஸின் புதல்வர் இருவரும் அந்தக் கடற்போரிலேயே மாண்டனர், ஒருவர் நீர்மூழ்கியில்.

நம் நாடும் இதை அறியாததன்று. 1971 டிசம்பர் போரின் தொடக்கத்தில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஜி என்ற நீர்மூழ்கி, அதில் இருந்த அனைவரோடும் மூழ்கியது. டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, குஜராத் பக்கம் டையூவுக்கு அப்பால், ஹாங்கோர் என்ற மற்றொரு பாகிஸ்தான் நீர்மூழ்கி நமது ‘குக்ரி’ போர்க்கப்பலை டார்பிடோவால் தாக்கியது. சில நிமிடங்களுக்குள் குக்ரி மூழ்கிவிட்டது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டனர். கப்பலின் தலைவர் கேப்டன் மகேந்திர நாத் முல்லா, தம் உயிர்காப்பு மிதவைச் சட்டையை ஒரு மாலுமிக்குக் கொடுத்துவிட்டு, மற்றவர்களைக் குதிக்கச் செய்து, தாம் கப்பலோடு சென்றார் என்று பிழைத்தவர்கள் கூறினார்கள். மகாவீர் சக்கரம் அவருக்கு இறந்தபின் வழங்கப்பட்டது. உடன் சென்ற ‘கிர்பான்’ கப்பலும் தாக்குதலுக்கு உள்ளாகியதால் அவ்விடத்தை விட்டு விலக நேர்ந்தது. மறுநாள் திரும்பி வந்தே, மிதந்தவர்களை மீட்டது. நின்று தூக்குவதா, விலகிச் செல்வதா என்று வட கடலில் எழுந்த அதே கேள்வி, 57 ஆண்டுகளுக்குப்பின் அரபிக் கடலில் நம் மாலுமிகளின் முன்னும் வந்து நின்றது. டையூ கடற்கரையில் குக்ரியின் நினைவுச் சின்னம் இருக்கிறது.

ஹார்ட்டென்ஸ்டைன் என்ன ஆனார் என்பதை நான் இன்னும் சொல்லவில்லை. லாக்கோனியாவுக்கு ஆறு மாதம் கழித்து, 1943 மார்ச் 8-ஆம் நாள், மேற்கிந்தியத் தீவுகளில் பார்படோஸுக்குக் கிழக்கே, யூ-156 நீரின் மேல் இருக்கும்போது ஓர் அமெரிக்கக் கடற்படை விமானம் அதைத் தாக்கியது. கப்பல் உடைந்து மூழ்கியது. சில மாலுமிகள் நீரில் மிதப்பது விமானத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. அவர்கள் ஒரு ரப்பர் மிதவையைக் கீழே போட்டார்கள். சிலர் அதைப் பற்றி ஏறியதையும் மேலிருந்து கண்டார்கள். அவர்களை மீட்பதற்கென்று ஓர் அமெரிக்க நாசகாரிக் கப்பல் அனுப்பப்பட்டது. அது சில நாட்கள் அந்தக் கடலில் தேடியது. மிதவையும் அகப்படவில்லை, அதில் ஏறியவர்களும் அகப்படவில்லை.